இருபத்து நான்கில் ஒன்று

தண்டையார்பேட்டை பெயின்ட் கடையில்
கலர் கலக்குகிறவள் நான்.
வண்டியின் நிற எண்ணைச் சொன்னால் போதும்,
தராசில் சொட்டுச் சொட்டாக அதைப் பெற்றெடுப்பேன்.
கறுப்பு ஒரு சொட்டு கூடினால்
வண்டிக்காரர் முகமும் கறுக்கும்.

டப்பாவின் அடியில் தங்கும் பதினைந்து மில்லிக்கு
யாரிடமும் கணக்கில்லை.
இருமல் மருந்துக் குப்பியில் ஏறி
எண்ணூர் பஸ்ஸில் நின்றபடி
எர்ணாவூருக்கு என்னோடு வரும்.

மூன்றாவது மாடி. பாத்ரூம்தான் பெயின்ட் பூத்.
தூசி அடங்கத் தரையில் நாலு சொம்புத் தண்ணீர்.
கொடிக்கம்பியில் பல்பு.
குச்சியின் நுனியில்
சாணுக்கும் குறைந்த ஒரு கார்.

முதல் காரைத் தின்னர் தின்றது.
பிரைமர் போடாத பிளாஸ்டிக்,
கூரை முழுக்கப் பாதவெடிப்பு.
இரண்டாவதன் மேல் ஐப்பசி ஈரம் இறங்கி
கண்புரை போல வெளுத்தது.
பிறகு ஒரு சில்வர்.
அதன் மினுக்குத் துகளை இருபத்து நான்கால் பெருக்கினால்
ஒவ்வொன்றும் கல்லுப்பு.
உப்புக்கண்டம் போட்ட காரை
எந்தக் கம்பெனி விற்கிறது?

ஆகவே இந்த முறை வெறும் சிவப்பு.
ஒரு டாக்டரம்மாவின் இடப்பக்கக் கதவுக்குக்
கலந்ததில் மிச்சம்.

ஞாயிறு இரவு, காற்று நின்றிருந்தது.
கிளியர் நாலு பங்கு, ஹார்டனர் ஒன்று.
மூக்கின் இருபுறமும் டப்பா வைத்த முகமூடி
(சம்பளத்தில் இரண்டு மாதம் பிடித்தார்கள்).
முதல் கோட் தூவானம்.
இரண்டாவது ஈரமாக, தாராளமாக.
வழிவதற்கு ஒரு நொடி முன்னால்
கையை எடுக்கத் தெரியவேண்டும்.

எடுத்தேன்.
கதவு இடிபட்டது.

எங்கள் பக்கத்து மூக்குகள் நன்றாகப் படித்தவை.
மணலிக் காற்று எது, உரக் கம்பெனி எது,
கருவாடு எது, கழிமுகச் சேறு எது,
தூக்கத்திலும் பிரித்துச் சொல்லும்.
புதிதாக ஒன்று,
இனிப்பாக, நெஞ்சில் ஒட்டுவதாக,
படிக்கட்டில் இறங்கியதும்
குணவதியக்கா குரல் ஏறியது:
"கேஸு லீக்காயிட்ச்சு!
புள்ளைங்கள தூக்கினு எறங்குங்க!"

நான் கதவைத் திறந்தேன்,
முகமூடியோடு.
அதன்பின் யாருக்கும் சந்தேகமே இல்லை.

ஈரத்துணி மூக்கில், ரேஷன் கார்டு கையில்,
பிளாக் முழுவதும் இறங்கிற்று.
நாலாவது மாடி தேசிங்கு
வெள்ளாட்டைத் தோளில் போட்டு வந்தார்.
நானும் இறங்கினேன் குச்சியோடு.
ஈரக் காரை எங்கே வைப்பது?

தெருவிளக்கடியில் சொன்னேன்:
"நான்தான். இதுதான்."

யாரோ ஒருவர் இருமலை நிறுத்தினார்.
மும்தாஜின் பையன் கிட்டே வந்தான்.
தொடாதே, ஈரம்.
தொடலக்கா, பாக்குறேன்.
அப்புறம் எல்லோரும் குனிந்தார்கள்.
அந்தச் சிவப்புக் கூரையில்
எங்கள் பிளாக், தெருவிளக்கு, ஆட்டின் காது,
தூரத்தில் ரிஃபைனரி நெருப்பு,
வளைந்து வளைந்து எல்லாம் இருந்தன.

"இத்துணூண்டுக்கா இம்மா நாத்தம்?"
என்றார் தேசிங்கு.
குணவதியக்கா எதுவும் சொல்லவில்லை.
ரேஷன் கார்டை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டாள்.
நான்கு நாள் என்னிடம் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து
பானெட்டில் ஒரு கொசு இறங்கியது.
கணக்குப்படி அது ஒரு சிட்டுக்குருவி.

ஒரு வாரம் கழித்து
இரண்டாயிரம் நம்பர் தாளில், தண்ணீர் தொட்டுத் தொட்டு,
அதைத் தேய்த்தெடுத்தேன்.
ஒரு கால் மட்டும் கிளியருக்குள் நிற்கிறது.
கூடவே அனல்மின் சாம்பல், ஏழெட்டுப் புள்ளி.
காரும் கதவும் கண்ணாடியும் சுருங்கியிருக்க
சாம்பல் மட்டும் முழு அளவில்.
அவற்றை விட்டுவிட்டேன்.

இப்போது கிளியர் அடிக்கும் நாளில்
படிக்கட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கிறேன்:

இன்று ஏழு மணிக்கு வரும் நாற்றம் என்னுடையது.
மற்றதற்கு நான் பொறுப்பல்ல.
- பிரிசில்லா, 3ஆம் மாடி