கேஸ் தீர்ந்துபோச்சு

கீழ்த் தெரு ஃபெதோராவின் வீட்டுக்குப்
புது மைக்ரோவேவ் வருகிறது என்று தெரிந்ததுமே
அந்தப் பெட்டிக்குத் துண்டு போட்டு வைத்திருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு படிகள்.
வல்பராயிசோவின் கடற்காற்று ஒருபக்கமாய்த் தள்ள
பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏறினேன்.
எதிரே இறங்கிய தபால்காரர்
பெட்டிக்கு வணக்கம் சொன்னார்.

அன்றிரவு அடுப்பு செய்தோம்.
ரொட்டிக் கத்தியால் நிபால்தோ அடுப்புவாய் திறந்தான்.
அவன் கல்யாணச் சட்டை வந்த டப்பாவின் மூடி
கதவுக்குக் கண்ணாடி.
பாட்டு நின்றுபோன நான்கு சிடிகள்
ஷூ பாலிஷ் பூசிக்கொண்டு பர்னராயின.
திருகுவதற்கு மயோனெய்ஸ் மூடிகள்.
திருகினால் 'டிக்' என்று கேட்க வேண்டுமாம்.
அதற்காக ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான்.
அவளே வாயால் சொல்லிக்கொள்வாள் என்றேன்.
கேட்கவில்லை.

சமையலுக்கு நான் பொறுப்பு.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் இரண்டு மீன் வெட்டினேன்.
ஓட்டைக் காலுறைக்குள் கந்தல் அடைத்தால் உருளைக்கிழங்கு.
பயறுக்குப் பொத்தான்களை எடுத்துவிட்டு
கழிப்பறைக் காகிதம் சுற்றிவந்த அட்டைக் குழாயில்
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்.
இதில் நுழைவது தொண்டையிலும் நுழையும்.
எல்லாமே நுழைந்தன.
துணிப்பையில் இட்டு நாலு பக்கமும் தைத்தேன்.
குலுக்கினால் பயறு மாதிரித்தான் கேட்டது.
தையலை இழுத்துப் பார்த்தேன்.
மறுபடி தைத்தேன்.

காலையில் எலோயீசா வந்தாள்,
ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு.
அடுப்பைச் சுற்றிவந்தாள். முகர்ந்தாள்.
மூடியைத் திருகினாள். டிக்.
நிபால்தோ என்னைப் பார்த்தான்.
டிக். டிக். டிக்.
குனிந்து அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவள்
இரண்டு கையையும் விரித்தாள்.
"கேஸ் தீர்ந்துபோச்சு."

போன மாதம் இருபத்தாறாம் தேதி
நான் சொன்ன அதே குரல்.
முடிவில் விட்ட பெருமூச்சுகூட என்னுடையது.
அவளுக்கு வயது இரண்டும் நாலு மாதமும்.

பால்பவுடர் டப்பாவைக் காலி செய்து
ஷூ லேஸால் அடுப்போடு இணைத்தோம்.
"இதோ பார், கேஸ்."
"அது பால்" என்றாள்.
லேஸைப் பிடுங்கினாள். டப்பாவைக் கட்டிப் பிடித்துத்
தூக்கிப்போய் வாசலுக்கு வெளியே வைத்தாள்.
திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.
எதற்காக உட்கார்ந்திருக்கிறாள்?
எனக்குப் புரியவில்லை.

அவனுக்குப் புரிந்தது.
ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு
சத்தமில்லாமல் வெளியே போனான்.
டங்! டங்! டங்!
வண்டிக்காரன் ஸ்பேனரால் சிலிண்டரில் தட்டுவானே,
அச்சு அசல் அதே தாளம்.
"மேலே! மேலே கொண்டா!"
எலோயீசா துள்ளிக் குதித்தாள்.
டப்பாவைத் தோளில் சுமந்து
நூற்றுப் பன்னிரண்டு படிக்கும் சேர்த்து மூச்சிரைத்தான்.
என் பழைய கைப்பையைக் கிண்டிப்
பஸ் டிக்கெட் ஒன்றை நீட்டினாள்.
"இது போதாதே, சீமாட்டி."
அவள் யோசித்தாள்.
"மீதி வெள்ளிக்கிழமை."
அவன் தொப்பியை எடுத்துத் தலைகுனிந்தான்.
என் முகம் சுட்டது. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

அதன்பிறகுதான் அடுப்பு எரிந்தது.
பஞ்சு மீனில் சோப்பு வாசனை.
"சூடு, ஊது" என்றாள்.
மூவரும் ஊதினோம்.

பாதிச் சாப்பாட்டில் கீழே
நிஜ வண்டி தட்டிக்கொண்டு வந்தது.
நிபால்தோ சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.
நான் சமையலறைச் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன்.
கால்வாசி இருக்கலாம்.
வெள்ளிக்கிழமை வரைக்கும் வரலாம்.
அதற்குள் அவள்
நாற்காலி மேல் ஏறி, கம்பிக்கிடையே மூக்கை நுழைத்து,
தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டாள்:
"வேண்டாம்! வாங்கியாச்சு!"