நீலம் ஏறாத இடம்

பஹாவ் நாற்றுப் பண்ணையில் எனக்கு வேலை
ரப்பர் இலையை வட்டம் வட்டமாகக் குத்தி
சாயத்தில் வேகவைப்பது.
காகிதத்தில் ஓட்டை போடும் கருவிதான்.
அதே கருவி ஆபீசிலும் உண்டு,
அங்கே லீவு கடிதங்களைக் குத்த.

செத்த செல் நீலத்தைக் குடித்துவிடும்.
உயிரோடு இருப்பது வாசலிலேயே மறித்து
திருப்பி அனுப்பிவிடும்.
அவ்வளவுதான் இந்தப் படிப்பு,
மிச்சமெல்லாம் எண்ணுவது.
காலைப் பெரட்டில் வந்தவர்களை
மண்டோர் எண்ணுவார்.
நான் வராதவர்களை.

சாம்பல் நோய் விழுந்த இலையில்
பூஞ்சை ஒரு குழல் நீட்டும்,
தே ஐஸ் பொட்டலத்தில் ஸ்ட்ரா இறங்குவது மாதிரி.
அதற்கு உயிருள்ள வீடு வேண்டும்.
அடுப்பு எரிய வேண்டும், பானையில் சோறு வேண்டும்.
குழல் இறங்கியது தெரிந்ததும்
அந்தச் செல் தன் அடுப்பில்
தானே தண்ணீரை ஊற்றிக்கொள்ளும்.
பக்கத்து நாலைந்தும் கூடவே.
வந்தவன் பட்டினியில் காய்ந்துபோவான்.

லென்சில் பார்த்தால் ஒரு நீலப் பொட்டு.
சுற்றிலும் நிறமில்லாத இலை,
பத்திரமாக.

முதல் வாரம் அதைப் பார்த்து அழுதேன்.
"காக், உப்புத் தண்ணி பட்டால் ஸ்லைடு கெட்டுப்போகும்"
என்றாள் ருஸ்னா.

இன்னொன்று இருக்கிறது.
நரம்பைப் பிடித்துக் கருத்துக்கொண்டே
இலை நெடுகத் தண்டவாளம் போடுவது.
எங்கள் ஸ்டேஷனில்கூட
இத்தனை நேர்த்தியாகக் கட்டை அடுக்கியதில்லை.
அதற்கு வீடு வேண்டாம், பிணம் போதும்.
நஞ்சை முன்னால் அனுப்பி
செல்லின் காதில், செல்லின் பேச்சிலேயே
'செத்துப்போ' என்று சொல்லவைக்கும்.
செல் நம்பிவிடும்.
காலகாலமாகப் பழகிய தியாகம்.
அடுப்பை அணைக்கும்,
சுற்றத்தையும் கூப்பிட்டுக்கொள்ளும்.
பூஞ்சை பந்தியில் உட்காரும்.

செல் என்றால் போ.
செல் என்றால் லயத்துக் கதவைத் தின்ற கரையான்.
செல் என்றால் இது.
தமிழ்ப்பள்ளியில் தனித்தனியாக எழுதினேன்.

தெய்வீகனுக்கு இனிப்புநீர்.
தைப்பூசம் முடிந்து சுண்டுவிரலை எடுத்தார்கள்.
இதோடு நின்றுவிடும் என்றார்கள்,
நின்ற மாதிரிதான் இருந்தது.
சித்திரையில் மறுபடி சிரம்பான் ஆஸ்பத்திரி.
டாக்டர் ஊதாப் பேனாவால்
கணுக்காலுக்கு மேலே ஒரு கோடு இழுத்தார்.
கேட்க வாயெடுத்தேன்,
வந்திருப்பது எது டாக்டர்,
சாம்பலா, தண்டவாளமா?
கொடுத்தால் போய்விடுகிற வகையா,
கொடுக்கக் கொடுக்கத் தின்கிற வகையா?

கையெழுத்து எங்கே போட வேண்டும்
என்றுதான் கேட்டேன்.

இன்று நாற்பத்தொன்றாம் தட்டு, புது ஒட்டு ரகம்.
தண்டவாள நோயைத் தெளித்து ஆறு நாள்.
வித்து முளைத்திருக்கிறது,
நஞ்சும் விட்டுப் பார்த்திருக்கிறது.
பக்கத்துச் செல் சாகவில்லை.
வீரமெல்லாம் ஒன்றுமில்லை.
சொன்னது காதில் விழாத மாதிரி
அது பாட்டுக்கு இருக்கிறது.
நீலம் ஏறவில்லை.
லென்சைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
எட்டு வட்டத்தில் மூன்றில் அப்படி.
மூன்று எதற்குப் பற்றும்?
அறிக்கையில் ஒரு கட்டம் நிரம்பும்.

கடைசி பஸ்ஸில் போய் இறங்கினேன்.
போர்வையை விலக்கித் தொட்டுப் பார்த்தேன்.
கோட்டுக்கு மேலே சூடு.
கோட்டுக்குக் கீழேயும்
கொஞ்சம் இருந்தது,
அல்லது என் கைச்சூடு.

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"என்ன இவ்வளவு நீலம்?
கை செத்துப்போச்சா?"

நகம் மட்டும் என்றேன்.