பன்னிரண்டு ரேண்ட் எஞ்சின்

மெர்பேங்க் சர்ச் வாசலில், சனிக்கிழமை,
தலையில்லாத பொம்மைகளும் ஒற்றைச் செருப்புகளும் கிடந்த பெட்டியில்
அது குப்புறக் கிடந்தது.
மஞ்சள் எஞ்சின். முகத்தில் வாத்தின் அலகு.
புகைபோக்கியில் யாரோ கடித்த தடம்.
விற்றவள் பதினைந்து கேட்டாள்.
"சக்கரம் ஒன்று ஆடுகிறதே" என்றேன்.
பன்னிரண்டுக்கு இறங்கினாள்.
எந்தச் சக்கரமானாலும்
கழற்றித்தான் எறியப் போகிறேன் என்பதை
அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்?

குபேன் மூட்லியின் கராஜில் ஓடுகிறது எங்கள் பாதை.
பலகை மேல் நின்ற ஒரு டர்பன்:
தீக்குச்சி வேலி, கடற்பஞ்சு மரங்கள்,
காலணிப் பெட்டியைக் கவிழ்த்துச் செய்த மலை,
மலைக்குள் சுரங்கம்.
அவருடைய நீல எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வந்தது.
அதன் விலைக்கு என் வீட்டில்
இரண்டு மாதம் அடுப்பெரியும்.
வாத்தைப் பார்த்ததும் சொன்னார்:
"சலோசனா, இது ரயில்வே. நர்சரி இல்லை."

தண்டவாள இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர்.
வாத்துக்கோ கால்கள் அகலம்.
அச்சை அறுத்தேன்,
உடைந்த சரக்கு வண்டி ஒன்றின் சக்கரங்களை மாட்டினேன்,
வெர்னியர் வைத்து, தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளி.
பகலெல்லாம் மருந்தகத்தில் மாத்திரை எண்ணும் விரல்கள்.
ஒரு மயிரிழை பிசகினால்
என்ன ஆகும் என்று அவற்றுக்குத் தெரியும்.

ஓடியது.
சுரங்க வாயில் வரை.
அங்கே அலகு முட்டியது.
"மலையைக் கொஞ்சம் வெட்டலாமே" என்றேன்.
"மலை மலைதான்" என்றார் குபேன்.

தேங்காய் உடைக்கிற நேரத்தில் முடியும் என்றிருந்தேன்.
அரை மணி பிடித்தது அந்த அலகை அறுக்க.
மேலே இரண்டு கண்களும்
ரம்பத்தைப் பார்த்தபடியே இருந்தன.
சிவப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தும்
தெரிகின்றன, கூர்ந்து பார்த்தால்.

எடை போதாமல் வழுக்கியது.
இசிப்பிங்கோ கடையில் வாங்கிய தூண்டில் ஈயத்தை
வயிற்றில் வைக்கத் திறந்தேன்.
மூலையில் ஒரு டாஃபி காகிதம்.
பிரித்தால்
பால் பல்.
யார் வீட்டுப் பிள்ளை, எந்த வருடம்,
யாருக்குத் தெரியாமல் ஒளித்தது?
வெளியே எடுத்தேன். அப்புறம்
ஈயத்தோடு அதையும் வைத்துத் திருகை முடுக்கினேன்.

தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பியை மட்டும்
இன்னும் பற்றவைக்கவில்லை.
அது வரும்போதே இருந்த இரண்டு பேட்டரிக் குழி,
அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.
"கள்ள ஓட்டம்" என்பார் குபேன்.

வியாழன் இரவு மின்வெட்டு, நான்காம் நிலை.
எட்டு மணிக்கு எல்லாம் போயிற்று:
தெரு, சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து வீடுகள்,
பலகை மேலிருந்த டர்பனின் விளக்குகள்.
நீல எஞ்சின் பாலத்தடியில் நின்றுவிட்டது.
இருட்டில் ஒரு சத்தம் மட்டும்.
"என்ன அது, எலியா?"
"ஏழே முக்கால் வண்டி. தாமதம்."

கறகறவென்று வளைவைச் சுற்றி வந்து
நீலத்தின் முதுகில் மோதியது.
நிற்கவில்லை.
பூட்டிக்கொண்ட சக்கரங்கள் தண்டவாளத்தில் தேய
இரண்டு மாத அடுப்பை
ஒரு சாண் தூரம் தள்ளியது.

குபேன் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார்.
ஒன்றும் பேசவில்லை.
நீலத்தை இரு கையாலும் தூக்கி
பக்கத்துப் பாதையில் வைத்தார், வழி விட்டு.
அப்புறம் மேசை இழுப்பறையைத் துழாவி
பிளேடு எடுத்தார்.
மலையை வெட்ட ஆரம்பித்தார்.

இப்போதா?

அலகு என் கைப்பையில்தான் கிடக்கிறது,
சாவிகளுக்கும் சில்லறைக்கும் நடுவே.
பெயின்ட் மேல்
பசை ஒட்டுமோ, என்னவோ.