அங்கே இருக்கிறாயா

கொம்பனித்தெரு, நாலாம் மாடி.
ஞாயிறு பின்னிரவு ஒன்றிலிருந்து ஐந்துவரை
மன்னார்க் கிளையின் கம்பி என்னுடையது.
கதவு நிலை அட்டை கேட்கும், கைரேகை கேட்கும்.
பேரை வாவியின் மணம் மட்டும்
ஒன்றும் காட்டாமல் ஏறிவரும்.

அடகுக் கணக்குப் பார்க்கும் பெரிய பொறி
என்னிலும் இரண்டு வயது மூத்தது.
அதற்கு ஐபி தெரியாது.
ஊர்கள் தூரத்தில் இருக்கின்றன என்பதும் தெரியாது.
தெரிந்தது ஒரு கேள்வி.
நொடிக்கொருதரம் கம்பியின் அந்தக் கரையைப் பார்த்து:
தயாரா?
பதில் சற்றே பிந்தினால்
செத்ததாக எழுதிக்கொண்டு கணக்கை மூடிவிடும்.

ஆகவே உறை.
பழைய சட்டகத்தை மடிக்காமல், ஓர் எழுத்தும் திருத்தாமல்
புதிய பொதிக்குள் வைத்து ஒட்டுகிறேன்.
மேலே மன்னார் முகவரி.
உள்ளே, வழிநெடுக நிற்கும் எந்த ரவுட்டருக்கும்
வாசிக்கத் தெரியாத பாஷை.
அனுராதபுரத்தில் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.
மதவாச்சியில் இறக்கிச் சோதிக்கமாட்டார்கள்.

பழைய கட்டமைப்பில், சீரியல் இடைமுகத்தின் குறிப்பு வரி:
"தொடாதே. ஏனென்று தெரியாது, ஓடுகிறது. இந்துனில்."
இந்துனில் இப்போது மெல்பேர்னில்.
தொட்டேன்.

மேசைத் தொலைபேசியின் மறுமுனையில் காவலாளி குலாஸ்,
கிளையின் பெட்டிக்கு முன்னால் ரோச் லைற்றோடு.
"பச்சை, பிள்ளை. மினுங்குது.
இப்ப செம்மஞ்சள்.
இப்ப ஒண்டுமில்லை."

இரண்டு நாற்பதுக்குக் கம்பி விழுந்தது,
வவுனியாவுக்கு அப்பால் எங்கோ.
பெரிய பொறி கேட்டது: தயாரா?
பக்கத்து அலுமாரியில் இருந்துகொண்டே
என் ரவுட்டர் மன்னாரின் குரலில் சொன்னது: தயார்.
தயாரா? தயார். தயாரா? தயார்.
சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.
இருந்தும் அத்தனை சரளமாகச் சொல்லும் என்று
எதிர்பார்க்கவில்லை.

நாற்பத்தொரு நொடி.
பொறிக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த நாற்பத்தொன்றுக்குள் அலைபேசி.
வெலிவிட்ட சேர், நித்திரை கலையாத சிங்களத்தில்:
மன்னார் இருக்கிறதா?
திரையில் மன்னார் இல்லை.
"ஒவ் சேர்," என்றேன்.

கம்பி திரும்பியது. அங்கே அச்சுப்பொறி எழும்பிற்று.
"கடுதாசி வருது பிள்ளை. கம்பனிப் பேர் வந்திட்டுது.
கோடு வந்திட்டுது.
நிண்டிட்டுது."
தலை வந்து உடல் வராத ரசீது.

சின்னது போய்ச் சேர்கிறது, பெரியது வழியில் விழுகிறது,
விழுந்ததை வந்து சொல்ல ஆளில்லை.
உறைக்கும் எடை இருக்கிறது
என்பதை ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுகிறேன்.
வழங்குநரின் சுரங்கம் இருபத்துநாலு பைட் தின்னும்.
ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதிய வாசலில்
ஆயிரத்து நானூற்று எழுபத்தாறுதான் நுழையும்.
அதிலும் தலைப்புகளுக்கு நாற்பது.
பொருளுக்கென்று மிஞ்சுவதை எண்ணிக் குறித்து
வரியை அடித்தேன்.

நாலு பத்து. கீழே கொத்துரொட்டிக் கடையின் தகரம் ஓய்ந்து
நாய்களின் முறை தொடங்கியிருந்தது.
"வருது," என்றார் குலாஸ்.
இங்கிலீசை எழுத்துக்கூட்டித் தமிழில் சொன்னார்:
"வெள்ளிக்கிழமைத் திகதி. காப்பு ஒண்டு.
கல் ஒண்டு குறைவு.
வட்டியோட காசு கட்டி மீட்டாச்சு.
பேர் மங்கலாக் கிடக்கு, பிள்ளை,
றிபன் காய்ஞ்சுபோச்சு."

சேமித்தேன்.
இந்துனிலின் வரியை அழிக்க மனம் வரவில்லை.
அதன்கீழ் என்னுடையதை எழுதினேன்:
"தொடலாம். முதலில் உறையை நிறுத்துப் பார்."

மறுபடி அலைபேசி. அதே கேள்வி.
மற்றக் காதில் குலாஸ் கடுதாசியைக் கிழிக்கும் சத்தம்,
பிறகு ஓர் இருமல்.
அதுவரை பொறுத்து,
"ஒவ்," என்றேன்.