ஒற்றை ஊசி ஜூக்கி, ஆரம்ப விலை முப்பத்தையாயிரம்

ஞாயிறு இரவு எட்டுக்கு முடியும் என்று போட்டிருந்தேன்.
தலவாக்கலை, மேசையோடு, கால்மிதி புதிது.
கட்டுநாயக்காவில் ஆறு வருடம் தைத்து
நான் வாங்கிய ஒரே இரும்பு.

வியாழன் வரை நன்றாகத்தான் ஏறியது.
வெலிமடை நிஸ்வான் முப்பத்தாறு.
பூண்டுலோயா ஜசிந்தா முப்பத்தேழு.
கினிகத்தேனையிலிருந்து சுரங்க
தமிழை எழுத்துக் கூட்டி
"முப்பத்தெட்டு அக்கா" என்றார்.
எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது.
ரொட்டிக்கடை வளைவில்
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
ஒவ்வொரு விலைக்கும் மழையில் நின்றேன்.

வெள்ளி யாரும் வரவில்லை.
சனி காலை சுரங்க விலகினார், மன்னிப்புக் கேட்டு.
மத்தியானம் நிஸ்வான், கேட்காமல்.

ஜசிந்தாதான் அதை எனக்கு அனுப்பினாள்.
சிங்கப் படம் போட்ட ஒருவன்,
ஏலத்தில் ஒரு ரூபாய்கூடக் கேட்காதவன்,
ஒவ்வொருவர் கதவாகப் போய்த் தட்டியிருக்கிறான்:
"அந்த மெசின் மோட்டர் எரிஞ்சது.
சுத்திக் கட்டி விக்கிறாங்க.
நம்மகிட்ட நல்லது ஒண்ணு இருக்கு,
முப்பதுக்குத் தாரேன்."

அதே சிங்கம் முந்தின இரவே
என்னிடமும் வந்திருந்தது:
"தங்கச்சி, ஏலமெல்லாம் வீண் வேலை.
நிப்பாட்டுங்க. இருபத்தாறு.
காசு கையில, லொறி வாசல்ல."

கணக்கு எனக்குத் தெரியும்.
அவனிடம் இருக்கிறதாம் நல்ல மெசின்;
அது என் வீட்டு மூலையில்
பழைய சாரமொன்றைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

விளம்பரத்தின் அடியில் எழுதத் தொடங்கினேன்:
வெளியாட்கள் தலையிட
அங்கே விரல் நின்றது.
அந்தச் சொல்
எங்கள் லயத்துக்கு வழி கேட்காமல் வரும் சொல்.
தாத்தாவின் பெயருக்கு நேரே
எந்தக் கந்தோரிலோ எவரோ எழுதி
அவரைக் கப்பலேற்றப் பார்த்த சொல்.
கல்யாணத்துக்குப் பிறகும்
அடையாள அட்டை இல்லாத அப்பாவை
பஸ்ஸிலிருந்து இறக்கிய சொல்.
விலை கேட்ட மூவரில்
எவர் எனக்கு உள்ளாள்?

அழித்தேன்.
அவன் எந்த ஊராயிருந்தால் எனக்கென்ன.
ஒரு மெசினுக்கு இரண்டு நாக்கு,
அவ்வளவுதான் என் வழக்கு.

இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டேன்.
கீழே பன்னிரண்டு வினாடிப் படம்:
நாலாக மடித்த துணி, ஓடும் ஊசி,
தகரத்தில் மழை, மழைக்கு மேலே மோட்டர்,
இடையில் மகனின் இருமல்.
ஒருவர் கை தட்டினார்.
இன்னொருவர், "இப்படி ஆளைக் காட்டிக் குடுக்கலாமா" என்றார்.
பத்து மணிக்குள் சிங்கம் ரோசாப்பூ ஆகிவிட்டது.

நிஸ்வான் திரும்பவில்லை.
சுரங்க முப்பத்தெட்டரை.
எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்க ஜசிந்தா முப்பத்தொன்பது.

திங்கள் அவள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது
கரண்ட் இல்லை.
கைச்சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன்.
ஊசி இறங்கியது, ஏறியது.
"கரண்ட் வரட்டும் அக்கா" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

கோபம் வந்தது.
அவளும் என்ன செய்வாள்,
அவன் போட்ட ஒரு வரி
டிக்கெட் எடுக்காமல்
அவளோடு பஸ்ஸில் வந்திருக்கிறது.

பிளேன்டீ ஆறியது.
பையை மடியில் அணைத்தபடியே இருந்தாள்.
மகன் எத்தனையாம் வகுப்பு என்று கேட்டாள்,
பதிலைக் கேட்கவில்லை.

நாலேகாலுக்கு பல்ப் சிமிட்டி நின்றது.
எழுந்தாள்.
பைக்குள்ளிருந்த காசை
அப்படியே கட்டிலில் கொட்டினாள்,
முப்பத்தொன்பதாயிரம், எண்ணாமல்.
வெறும் பையின் அறுந்த காதை
ஊசிக்கடியில் வைத்து
மிதித்தாள்.