இரண்டு மில்லியம்பியர்

உப்புத் தண்ணீரில் தோய்த்த பஞ்சுத் துண்டு இரண்டு.
வலக்கை போனதால் இடப்பக்க மண்டையில் ஒன்று,
நெற்றியில் மற்றது,
சுற்றிவர றப்பர் பட்டி.
"கடிக்கும் அங்கிள், எறும்பு மாதிரி" என்கிறாள்
திலினி மிஸ், பாதித் தமிழில்.

கடிக்கிறது. கொஞ்ச நேரம்.
பிறகு கடிக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை.
பெட்டியில் பச்சை வெளிச்சம் இருபது நிமிடம் எரியும்.
அதற்குள் மேசையில் கிடக்கும் குத்திகளை
ஒவ்வொன்றாய் எடுத்துத் தகரப் பேணிக்குள் போடவேண்டும்.

பதினேழு வருஷம், நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்.
ஆயிரம், ஐந்நூறு, நூறு என்று
விரலிடுக்கில் நீளமாய் மடித்துச் செருகி
மிதிபலகையில் தொங்கியபடி காசு எண்ணிய கை.
பம்பலப்பிட்டியில் ஒரு காலை
நோட்டெல்லாம் அதன்பாட்டில் நழுவியது.
குனிந்தேன்.
கை என்னோடு வரவில்லை.
சனம் பொறுக்கித் தந்ததாம்.
நூறு ரூபாய்தான் குறைந்தது என்று
வாட்டுக்கு வந்து கணக்குச் சொன்னான் டிரைவர் சுகுமார்.

இது ஆராய்ச்சி என்று முதல்நாளே கையெழுத்து வாங்கினார்கள்.
இடக்கையால் போட்டேன்,
வேறெவனோ என் பெயரை எழுதியதுபோல் இருந்தது.
சிலருக்கு மெய்க் கரண்ட்.
சிலருக்கு அரை நிமிடம் கடிக்கவிட்டு
சத்தமில்லாமல் நிறுத்திவிடும் பெட்டி.
யாருக்கு எது, மிஸ்ஸுக்கும் தெரியாது.
நெரிசலில் டிக்கெட் எடுக்காமல் நிற்கிறவனைப்போல
தலைக்குள் அது
ஏறியிருக்கிறதா, இல்லையா?

பக்கத்துக் கதிரை ஜௌபர் நானா
தனக்கு வருவது வெறுங்காற்று என்று அடித்துச் சொல்கிறார்.
சொல்லிக்கொண்டே
போன மாதம் தூக்கமுடியாத தேத்தண்ணிக் கோப்பையை
தூக்கிக் குடிக்கிறார்.

எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு கிழமை.
குத்தியை மேசை விளிம்புவரை தள்ளுவேன்,
விரல்கள் சுருண்டு உள்ளங்கைக்குள் படுத்துவிடும்.
மிஸ் ஒவ்வொன்றாய் நிமிர்த்துவாள்.
"ஆயெத்" என்பாள். திரும்பவும்.
ஆயெத். ஆயெத்.
இரவில் மனைவிக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது.

இன்று புதன்கிழமை, மழை.
கீழே பொரளைச் சந்தியில் எவனோ ஒரு கொண்டக்டர்
பஸ் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.
போகலாம்.
பெருவிரல் எழும்பியது.
கரண்டா, அந்தத் தட்டா, நானா?
கேட்க நேரமில்லை.
பத்து ரூபாய்க் குத்தி விரல்களுக்கு நடுவே
நடுங்கியபடி நிற்கிறது,
மேசைக்கு மேலே, நாலு அங்குலம்.

பிறகு விழுந்து, உருண்டு,
ஜௌபர் நானாவின் செருப்பைத் தாண்டி அலுமாரிக்குக் கீழே போனது.

மிஸ் பேணியைக் கவிழ்த்து எண்ணினாள்.
"அங்கிள், பத்து ரூபாய் குறையுது."

"மிச்சம்," என்றேன்,
"இறங்கும்போது தாறன்."