ஊசிவால் உள்ளதாகப் பார்த்து

ஆஸ்த்ராவாவில் மாதம் ஒரு ஞாயிறு
பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் சந்தை.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
பாம்பு, ஓணான், எட்டுக்கால்.
அவற்றின் சாப்பாடு தனி மேசையில்
தயிர் டப்பாக்களுக்குள் தாவிக்கொண்டிருக்கும்.

ட்சிராத் விலையைச் சொல்லமாட்டார்,
"வெந்துலா இப்போ எவ்வளவு பெரிசு?" என்பார்.
நான் உள்ளங்கையை நீட்டுவேன்.
அதன்மேல் தன் சுண்டுவிரலில்
ஒரு கணுவை மட்டும் வைத்துக் காட்டுவார்.
அதற்கு மேல் போனால்
இரை எது, இரைப்பது எது என்று
இருட்டுக்குத் தெரியாது.

மாவுப்புழு வேண்டாம், மண்ணுக்குள் புகுந்துவிடும்;
போடுவதென்றால் தலையை நசுக்கிப் போடவேண்டும்,
என்னால் ஆகாது.
கரப்பான் நல்ல சதை. ஆனால்
செத்ததுபோலக் கிடந்தே ஒரு வாரம் வாழும்.
சுவர்க்கோழிதான்.
பெயரில் கோழி, எடை அரை கிராம்.

"பெண்ணாகப் பொறுக்குங்கள், வாலில் ஊசி உள்ளதாக.
ஆண் பாடும்.
பக்கத்து வீட்டு ஹவ்ரான்கோவாவுக்கு
பாட்டு ஆகாது."
அவர் பொறுக்கினார். இருபது.
மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டு நாள் கேரட்டும் ஓட்ஸும் போட்டேன்.
சுவர்க்கோழி தின்றதைத்தான் தேள் தின்னும்.
மூன்றாம் இரவு டப்பாவுக்குள்ளிருந்து
கிரீச், கிரீச்.
இருபதில் ஒன்று ஊசியில்லாதது.
முதல் பந்தி அதற்குத்தான் என்று
இடுக்கியால் தூக்கி, தொட்டிக்குள் விட்டு,
எட்டாம் எண் ட்ராமை ஓட்டப் போனேன்.

உறைபனி. தண்டவாளம் சீறியது.
வெந்துலா பத்து நாளாய்
எதையும் தொடவில்லை என்பது
கடைசி நிறுத்தத்தில்தான் உறைத்தது.
பசி வந்தால் பத்தும் பறக்கும்.
பசி போனால்?
வயிறு உப்பி, மூட்டுகள் வெளுத்து...
முட்டாள்! தோல் உரிக்கப் போகிறவள் முன்னால்
பல்லுள்ள ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறாய்.

அதிகாலை மூன்று மணி.
தேள் கொட்டிய திருடனைப்போல
சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன்.
வீட்டிலும் சத்தமில்லை.
பாட்டு நின்றதற்கு இரண்டு அர்த்தம்.

ஊதா விளக்கைப் போட்டேன்.
பச்சையாய் ஒளிர்ந்தது தேள்.
கொடுக்கு, கால், முதுகு, எல்லாம் இருந்தன,
ஆள் இல்லை.
சட்டை மட்டும்.
புதிதாய் உரித்த தேள் ஒளிராது என்று
எங்கோ படித்திருந்தேன்,
அந்த இருட்டில் அவள் எங்கே என்று
எப்படித் தேடுவது என்பதைப் படிக்கவில்லை.

சாதா விளக்கு.
மரப்பட்டையோரம் வேகாத இட்லி நிறத்தில்
கொட்டமுடியாமல், நகரமுடியாமல், வெந்துலா.
கடைசிக் காலுக்கு ஒரு விரல்கடை தூரத்தில்
மீசையை ஆட்டியபடி அவன்.

இடுக்கி நடுங்கியது. பிடித்துவிட்டேன்.

காப்பி பாட்டிலில் போட்டேன்.
அவன் மேல் கோபமில்லை,
பசித்தவன் மெத்தென்று எதையோ பார்த்தான், அவ்வளவுதான்.
மறுநாள் பாட ஆரம்பித்தான்.
ஹவ்ரான்கோவா சுவரில் மூன்று தட்டு தட்டினாள்.
பிறகு இரண்டு. பிறகு
ஒரு வாரம் தட்டவே இல்லை.

வெந்துலா மெல்ல மெல்லக் கறுத்தாள்.
பதினைந்தாம் நாள்
வாசலுக்கு வந்து கொடுக்கைத் திறந்து வைத்தாள்.
டப்பாவைப் பார்த்தேன்:
பெண்கள் எல்லாம் வற்றல், நாலு செத்தது.
பாட்டிலைப் பார்த்தேன்:
கொழுத்தவன், சரியான அளவு,
வயிறு நிறைய கேரட்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாடிக்கொண்டேதான் போனான்,
இடுக்கி தொடும்வரை.

அன்றிரவு வீடு அமைதி.
ஏனென்று தெரியாது, போய்
சுவரில் ஒரு தட்டு தட்டினேன்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
விளக்கை அணைக்கும்போது
அந்தப் பக்கத்திலிருந்து
ஒன்று.